பொன்னைத் தேடிய சிறையில் பிறந்த பீங்கான்

இரசாயனக் கூடத்தில் நாள்தோறும் நாம் எடுத்தாளும் பொருள்களுள் ஒன்று, குரூசிபிள் என்று வழங்கும் சிறிய வெண்மூசை. அதனைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறோம், அமிலங்களை ஊற்றுகிறோம், பின்னர்க் கழுவித் துடைத்து அடுத்த சோதனைக்கு வைத்துக்கொள்கிறோம். கலைப் பிரிவில் பயிலும் நண்பர்கள் அந்த மூசையைக் கண்டிராவிட்டாலும், தேநீர்க் கோப்பையாகவும், மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்கும் குமிழாகவும் அதே பொருளைக் கண்டிருப்பர். அதுதான் பீங்கான். இன்று அதனை யாரும் அருமைப் பொருளாகக் கருதுவதில்லை. ஆனால் 1700 ஆம் ஆண்டில், சீனப் பீங்கானைப் போன்ற ஒன்றைச் செய்யத் தெரிந்தவர் ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் ஒருவர்கூட இல்லை. அதனை வாங்குவதற்கு மன்னர்கள் பொன்னை வாரி இறைத்தார்கள். ஒரு மன்னர் தம் படைவீரர்களையே விலையாகக் கொடுத்தார். அதே மன்னரின் காவலில் கிடந்த ஓர் இளைஞனின் கையால்தான் ஐரோப்பாவின் முதல் வன்பீங்கான் பிறந்தது.

ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில், எல்ப் ஆற்றங்கரையில் அமைந்த மைசன் நகரில் 1710 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பீங்கான் தொழிற்சாலையின் வரலாறு இது. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய மேனாட்டுத் தொழிற்சாலை ஒன்றின் கதையால் நமக்கு என்ன பயன் என்று நண்பர்கள் வினவலாம். விஞ்ஞானம் பயிலும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இவ்வரலாற்றில் அடங்கியிருக்கிறது. அறிவைப் பூட்டி வைத்துக் காக்க முடியுமா? பூட்டி வைத்தால் அது வளருமா? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மைசன் கோட்டைக்குள் நுழைவோம்.

சீனத்தின் செல்வம்

பீங்கான் செய்யும் கலையை உலகுக்கு அளித்தவர்கள் சீனர்கள். அவர்களுடைய ஜிங்டெஜென் நகரம் பல நூற்றாண்டுகளாகப் பீங்கானுக்கே பெயர் பெற்றது. வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ தம் பயண நூலில் பீங்கானைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். அதன் வழவழப்பையும் வெண்மையையும் கண்ட இத்தாலியர், சோழிக்குத் தாங்கள் வழங்கிய 'போர்சல்லானா' என்ற பெயரையே இதற்கும் இட்டனர். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'போர்சலின்' என்ற சொல் அதன் வழியில் வந்ததே.

கப்பல் வாணிகம் பெருகப் பெருக, சீனப் பீங்கான் ஐரோப்பிய அரண்மனைகளில் குவிந்தது. அதனைத் தாமே செய்துவிட வேண்டுமென்று பலர் முயன்றனர். இத்தாலியில் பிளாரென்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தாரின் பட்டறையில் 1575 ஆம் ஆண்டளவில் ஒரு வகைப் பீங்கான் செய்யப்பட்டது. கண்ணாடிப் பொருளை மண்ணோடு கலந்து செய்த மென்பீங்கான் அது. சீனப் பீங்கானின் உறுதி அதற்கு இல்லை. ஹாலந்தின் டெல்ப்ட் நகரத்தாரோ மண்பாண்டத்தின்மேல் வெள்ளீயம் கலந்த வெண்மெருகைப் பூசி, நீல நிறத்தில் சித்திரம் தீட்டினர். பார்வைக்கு அது பீங்கானைப் போல் இருக்கும். விளிம்பு சிறிது உடைந்தாலோ உள்ளிருக்கும் மண் தெரிந்துவிடும்.

இவர்கள் அனைவரும் எங்கே தடுக்கி விழுந்தனர் என்பதை அறிய, பீங்கான் என்பது யாது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீங்கானின் உள்ளமைப்பு

நம் வீட்டு மண்பானையில் நீர் ஏன் குளிர்கிறது? பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பானை சிவப்பாக இருப்பதற்குக் காரணம் மண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸைடு. ஆகவே வெண்மையான, துளையற்ற, ஒளி ஊடுருவும் பாண்டம் ஒன்று வேண்டுமானால் இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டும். இரும்பு கலவாத வெண்களிமண் கிடைக்க வேண்டும். துளைகள் யாவும் அடைபட வேண்டும்.

வெண்களிமண்ணுக்குக் கயோலின் என்று பெயர். ஜிங்டெஜென் நகருக்கு அருகிலுள்ள கவோலிங் என்ற குன்றின் பெயரே உலகெங்கும் அம்மண்ணின் பெயராகிவிட்டது. அலுமினியம், சிலிக்கான், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் ஆகியவை சேர்ந்த தாதுப்பொருள் அது. கடும் வெப்பத்திலும் எளிதில் உருகாது. அதனால் பாண்டத்தின் வடிவம் சூளையில் குலையாமல் நிற்கும். ஆனால் உருகாத மண்ணை மட்டும் சுட்டால் துளைகள் அடைபடமாட்டா. அதற்காக, உருகக்கூடிய கல் ஒன்றைப் பொடி செய்து கலக்க வேண்டும். சீனர்கள் இதற்கென ஒரு வெண்கல்லைப் பயன்படுத்தினர். பிற்காலத்து ஐரோப்பியர் பெல்ஸ்பார் என்ற கல்லைப் பயன்படுத்தினர்.

இக்கலவையைச் சுமார் 1,400 டிகிரி சென்டிகிரேடு வரை சுடும்போது நிகழ்வது என்ன? கயோலின் முதலில் தன்னுள் அடங்கிய நீரை இழக்கிறது. வெப்பம் ஏற ஏற, அதிலிருந்து முல்லைட் என்னும் ஊசி வடிவப் படிகங்கள் தோன்றுகின்றன. பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடுக்குகளிலெல்லாம் பாய்ந்து நிரம்புகிறது. கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய தளத்தைப் போல, படிக ஊசிகளும் கண்ணாடியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. துளைகள் அடைபடுவதால் நீர் கசிவதில்லை. ஒளியும் ஓரளவு ஊடுருவுகிறது. பாண்டம் தன் அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கியும் போகிறது. ஒரு மண் எலும்பாகவும் மற்றொரு பொருள் தசையாகவும் நிற்கும் இந்தக் கூட்டணியை ஐரோப்பியர் அறியவில்லை. அவ்வளவு வெப்பம் தரும் சூளையும் அவர்களுடைய குயவர்களிடம் இல்லை.

மன்னரும் மருந்துக்கடை இளைஞனும்

யோகான் பிரீட்ரிக் பெட்கர் 1682 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஷ்லைட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பெர்லின் நகரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகினார். இழிந்த உலோகங்களைப் பொன்னாக்கும் வித்தை தமக்குத் தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டார். சிலர் முன்னிலையில் செய்தும் காட்டினார். செய்தி பிரஷ்ய மன்னரின் செவிக்கு எட்டியது. மன்னர் தம்மைப் பிடித்து வரச் சொல்வார் என்று அஞ்சிய பெட்கர், 1701 ஆம் ஆண்டு எல்லை கடந்து சாக்ஸனிக்குள் ஓடினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. நம்மிற் பலர் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிக்கும் வயது!

ஓடிவந்த இடமும் தப்பவில்லை. சாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸ், வல்லவன் என்ற பட்டப் பெயர் பெற்றவர். 1697 இல் போலந்துக்கும் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். போர்ச் செலவும் ஆடம்பரச் செலவும் அவருடைய கருவூலத்தை வற்றச் செய்திருந்தன. பொன் செய்யும் இளைஞன் ஒருவன் தானாக வந்து வாய்த்ததும் அவனை டிரெஸ்டன் நகருக்குக் கொண்டுவந்து காவலில் வைத்தார். வேண்டிய பொருள்கள் அளிக்கப்பட்டன. வெளியே செல்லும் உரிமை மட்டும் இல்லை. 1703 இல் பெட்கர் தப்பி ஆஸ்திரியா வரை ஓடினார், பிடித்துக் கொண்டுவரப்பட்டார். 1705 இல் மைசன் நகரத்து ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டை. அடுத்த ஆண்டு ஸ்வீடன் நாட்டுப் படை சாக்ஸனிக்குள் புகுந்தபோது மலைமேலுள்ள கோனிக்ஸ்டைன் கோட்டை. 1707 இல் மறுபடியும் டிரெஸ்டன், அங்கே மதிலடியில் ஒரு நிலவறை. இவ்வாறு சிறைக்குச் சிறை மாறினாரேயன்றி, பொன் மட்டும் வரவே இல்லை.

பொன் வராது என்பதற்கான காரணத்தை இன்று பள்ளி மாணவனும் சொல்வான். ஒரு தனிமம் மற்றொரு தனிமமாக மாறுவது அடுப்பு நெருப்பால் ஆகக்கூடிய காரியம் அன்று. ஆயினும் பெட்கரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுவது முறையாகாது. உலையைக் கையாள்வதில் அவர் கை தேர்ந்திருந்தது; நுணுகிப் பார்க்கும் கண்ணும் இருந்தது. அந்தக் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற வேலையைக் காட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

ஆடியும் அடுப்பும்

அவர்தாம் எரன்பிரீட் வால்தர் சிர்ன்ஹவுஸ். 1651 இல் பிறந்த இவர் கணித அறிஞர். இயற்கணிதத்தில் சமன்பாடுகளை எளிமையாக்கும் ஒரு முறை இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. ஸ்பினோசா, லைப்னிட்ஸ் போன்ற பேரறிஞர்களோடு நட்புப் பூண்டவர். பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினர். பெரிய குழியாடிகளையும் வில்லைகளையும் செய்து, கதிரவன் ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, மண்ணையும் கல்லையும் உருக்கிப் பார்த்தார். தனித்தனியே உருகாத பொருள்கள் கலந்தபின் உருகுவதையும் அவர் கவனித்தார். பீங்கான் ஆராய்ச்சிக்கு வாயில் திறந்தது அங்கேதான்.

பொன் செய்வதில் சிர்ன்ஹவுஸுக்கு நம்பிக்கை இல்லை. நாட்டுக்கு வருவாய் வேண்டுமானால் நாட்டு மண்ணை ஆராய்ந்து தொழில் பெருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பெட்கரை மேற்பார்க்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பிரைபெர்க் வெள்ளிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த பாப்ஸ்ட் பான் ஓஹைன் என்ற அதிகாரியும் துணை நின்றார். அங்கிருந்து சுரங்கத் தொழிலிலும் உலைத் தொழிலிலும் பழகியவர்கள் சிலர் நிலவறைக்கு அனுப்பப்பட்டனர். கணித அறிஞரின் கோட்பாடு, மருந்துக்கடை இளைஞனின் கைத்திறன், உலைத் தொழிலாளரின் அனுபவம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் வெற்றி பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஏழு கலவைகள்

முதலில் வந்தது சிவப்புக் கற்பாண்டம். சீனத்து ஈசிங் நகரத்துச் செந்நிறத் தேநீர்க் கெண்டிகளைப் போன்ற அது மிகவும் உறுதியானது. வைரக்கல்லைப் போல் பட்டை தீட்டி மெருகேற்றக்கூடியது. வெண்பீங்கானுக்கும் அதுவே முதற்படியாயிற்று.

1708 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள். அன்றைய சோதனைக் குறிப்பு இன்றளவும் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதில் ஏழு கலவைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. முதலாவது, களிமண் மட்டும். இரண்டாவது, களிமண் நான்கு பங்குக்கு அலபாஸ்டர் என்னும் கல் ஒரு பங்கு. மூன்றாவதில் ஐந்துக்கு ஒன்று. பிறகு ஆறுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. ஏழாவதில் ஒன்பதுக்கு ஒன்று. சூளையிலிருந்து எடுத்தபோது அலபாஸ்டர் மிகுந்த கலவைகள் தேறவில்லை. கடைசி மூன்று கலவைகள் வெண்மையாகவும் ஒளி ஊடுருவுவனவாகவும் அமைந்தன.

நண்பர்களே, இந்தக் குறிப்பில் மந்திரம் இல்லை, மறைபொருள் இல்லை. எதுவும் கலவாத களிமண்ணை ஒப்புநோக்க வைத்துக்கொண்டு, ஒரே ஒரு விகிதத்தை மட்டும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொன்றின் முடிவையும் எழுதி வைத்திருக்கிறார்கள். உருக்கும் பொருள் மிகுந்தால் வடிவம் குலையும். அறவே இல்லாவிட்டால் துளை அடைபடாது. இடையில் ஒரு நடுவழி உண்டு என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. ஏழாண்டுக் காலம் பொன்னைத் தேடிய முறைக்கும் இந்த ஒரு நாள் முறைக்கும் உள்ள வேறுபாடுதான் இரசவாதத்துக்கும் இரசாயனத்துக்கும் உள்ள வேறுபாடு. வென்ற கலவையை மட்டும் எழுதாமல் தோற்ற கலவைகளையும் சேர்த்து எழுதியதே இக்குறிப்பின் பெருமை.

அந்நாளைய நிலவறையில் பணி எப்படி இருந்தது என்பதற்குப் பவுல் வில்டன்ஸ்டைன் என்ற தொழிலாளி விட்டுச்சென்ற நினைவுரை ஒன்று உண்டு. வெப்பம் தாளாத அந்த அறைக்குள் ஒரு நாள் மன்னரே வந்தாராம். கொதிக்கும் சூளையிலிருந்து செக்கச் சிவந்த கெண்டி ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்களாம். பெருஞ்சத்தம் எழுந்தது; உடைந்தே போயிற்று என்று எண்ணினர். கையை விட்டு எடுத்துப் பார்த்தபோது கெண்டி முழுமையாக இருந்ததாம். மன்னர் பார்த்தது ஒரு கணம். தொழிலாளர் அந்த வெப்பத்தில் கிடந்ததோ மாதக் கணக்கில்.

சிர்ன்ஹவுஸ் 1708 அக்டோபரில் காலமானார். 1709 மார்ச் 28 ஆம் நாள், நல்ல வெண்பீங்கானைச் செய்ய முடியும் என்று பெட்கர் மன்னருக்கு எழுதித் தெரிவித்தார். ஆகவே நெடுங்காலம் உலகம் பெட்கர் ஒருவரையே கண்டுபிடிப்பாளர் என்றது. பின்னர் ஆராய்ந்தோருள் சிலர், பெருமை முழுவதும் சிர்ன்ஹவுஸையே சாரும் என்றனர். ஒருவர் இல்லாமல் மற்றவர் இதனைச் சாதித்திருக்க முடியாது என்று கொள்வதே நேர்மையான முடிவாகத் தோன்றுகிறது.

கோட்டைக்குள் தொழிற்சாலை

1710 ஜனவரி 23 ஆம் நாள் தொழிற்சாலை நிறுவும் அரசாணை வெளியாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம், மைசன் நகரின் குன்றின்மேல் நிற்கும் ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் தொழிற்சாலை குடியேறியது. பாண்டம் செய்யக் கோட்டை எதற்கு? உயர்ந்த மதிலும் ஒற்றை வாயிலும் இரகசியத்தைக் காக்கும் என்ற எண்ணமே காரணம். வெண்பீங்கான் 1713 முதல் விற்பனைக்கு வந்தது. ஏர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் அவுவே என்ற ஊரில் கிடைத்த வெண்களிமண் தொழிலுக்கு உயிராயிற்று.

இரகசியத்தைக் காக்க மன்னர் செய்த ஏற்பாடுகள் கொஞ்சமல்ல. மண்கலவையின் விவரம் ஒருவரிடம். மெருகின் விவரம் மற்றொருவரிடம். முழு வித்தையும் ஒருவர் கைக்குள் வந்துவிடக் கூடாது என்பது கருத்து. பெட்கருக்கு 1714 இல்தான் விடுதலை கிடைத்தது. அதுவும் சாக்ஸனியை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு. நிலவறைப் புகையும் குடிப்பழக்கமும் அவர் உடலை அரித்திருந்தன. 1719 மார்ச் 13 ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில் அவர் மறைந்தார்.

மன்னரின் ஆசையோ அடங்கவில்லை. தம் தொழிற்சாலை வெண்பீங்கானை விற்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆன பிறகும், 1717 இல், பிரஷ்ய மன்னரிடமிருந்த 151 சீனப் பாண்டங்களைப் பெறுவதற்காகத் தம் குதிரைப்படையினர் 600 பேரை அனுப்பிக் கொடுத்தார். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு பாண்டத்துக்கு ஏறக்குறைய நான்கு மனிதர்கள்! அந்த 600 பேரில் ஒருவரையும் கேட்டுச் செய்த பண்டமாற்று அன்று அது.

நடந்து சென்ற இரகசியம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பர். கோட்டை மதிலால் மறைத்த இரகசியம் எத்தனை ஆண்டு நிலைத்தது? பத்து ஆண்டுகூட நிலைக்கவில்லை.

வியன்னா நகரில் து பக்கியே என்பவர் 1718 இல் பீங்கான் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். மைசனோடு தொடர்புடைய ஹுங்கர் என்ற மெருகு வேலைக்காரர் முன்னதாகவே அங்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவரால் மட்டும் காரியம் கூடவில்லை. 1719 இல் மைசனிலிருந்து சாமுவேல் ஸ்டெல்ட்ஸெல் என்ற தேர்ந்த தொழிலாளி வியன்னா சென்றார். அவ்வாண்டே வியன்னாவில் உண்மையான வன்பீங்கான் வெளிவந்தது. ஹுங்கர் பிறகு வெனிஸ் நகருக்குச் சென்று அங்கும் ஒரு பீங்கான் தொழிற்சாலை எழத் துணை செய்தார்.

ஸ்டெல்ட்ஸெல் ஏன் சென்றார்? மைசனில் ஊதியம் ஒழுங்காகக் கிடைக்காத காலம் அது. கட்டுக்காவலுக்குப் பணம் இருந்தது. கைத்தொழிலாளிக்கு உரிய நாளில் கூலி கொடுக்க இல்லை. மதில் எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன? அறிவு பெட்டியில் இருந்தால் பெட்டியைப் பூட்டலாம். அது மனிதனின் விரல்களிலும் கண்களிலும் அல்லவா இருந்தது! அவன் நடந்தால் அதுவும் உடன் நடக்கும். பிறந்த மண்ணை விட்டுப் பல நூறு கல் தொலைவு வந்து பயிலும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வியன்னாவிலும் சொன்னபடி பணம் கிடைக்காததால் ஸ்டெல்ட்ஸெல் 1720 இல் மைசனுக்கே திரும்பினார். வெறுங்கையோடு திரும்பவில்லை, ஹெரால்ட் என்ற இளம் ஓவியரை உடன் அழைத்து வந்தார். போனவனைத் துரோகி என்று தண்டித்திருந்தால் மைசன் இழந்திருக்கக்கூடிய செல்வம் எத்தகையது என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

நிலைநிறுத்தியது எது?

இரகசியம் போன பிறகு மைசன் அழிந்திருக்க வேண்டும் அல்லவா? மாறாக, அதன் பொற்காலமே அதன் பின்னர்தான் தொடங்கியது.

சூளையின் கடும் வெப்பத்தைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில. கோபால்ட் என்ற உலோகத்தின் ஆக்ஸைடு தரும் நீலம் அவற்றுள் ஒன்று. மெருகுக்கு அடியில் தீட்டிய அந்நீலத்தைத்தான் மைசன் தன் அடையாளக் குறிக்கும் பயன்படுத்திற்று. சாக்ஸனி அரசின் இலச்சினையிலிருந்து எடுத்த, குறுக்கிட்ட இரு வாள்களே அக்குறி. 1720களில் வழக்குக்கு வந்த அது இன்றும் வழங்குகிறது. ஹெரால்ட் வேறொரு வழியில் சென்றார். மெருகின்மேல் தீட்டிக் குறைந்த வெப்பத்தில் மறுபடியும் சுடும் வண்ணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1731 அளவில் பதினாறு வண்ணங்களை உருவாக்கினார். உலோக ஆக்ஸைடுகளைக் கொண்டு அவர் செய்தது தூரிகை பிடித்த இரசாயனம் எனலாம்.

1731 இல் கெண்ட்லர் என்ற சிற்பி வந்து சேர்ந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள், தம் மறைவு வரை, அவர் மைசனிலேயே பணிபுரிந்தார். விலங்குகள், பறவைகள், நாடக மாந்தர், தெருவில் கூவி விற்பவர் எனப் பல உருவங்களை வடித்தார். புரூல் பிரபுவுக்காக 1737 முதல் 1741 வரை அவர் தலைமையில் உருவான அன்னப்பறவை விருந்துக் கலன்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. சுருங்கும் அளவை முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பப் பெரிதாக அச்சு வடிப்பது எளிய செயல் அன்று. இத்தகைய திறனைத் தாளில் எழுதித் திருடிச் செல்ல முடியாது. அருகிருந்து பல்லாண்டு பழகியே பெற வேண்டும்.

1756 இல் தொடங்கிய ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படைகள் மைசனைக் கைப்பற்றின. போர் முடிந்த 1763 இல் பிரஷ்ய மன்னர் பிரடெரிக் பெர்லினில் தமக்கென ஒரு பீங்கான் தொழிற்சாலையைச் சொந்தமாக்கிக்கொண்டார். போட்டி பெருகிற்று, மைசன் தளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை மறுபடியும் தூக்கி நிறுத்தியவர்களுள் கியூன் என்ற தொழில்நுட்ப அறிஞர் முக்கியமானவர். மெருகுக்கு அடியில் தீட்டத்தக்க பச்சை நிறத்தைக் குரோமியம் ஆக்ஸைடிலிருந்து 1817 இல் அவர் உருவாக்கினார், சூளைகளையும் திருத்தியமைத்தார். 1860களில் தொழிற்சாலை கோட்டையை விட்டிறங்கிப் பள்ளத்தாக்கிலுள்ள புதிய கட்டடங்களுக்குச் சென்றது. அரசர் ஆட்சி மறைந்தது. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. கிழக்கு ஜெர்மனி என்ற அரசும் தோன்றி மறைந்தது. 1991 முதல் சாக்ஸனி மாநில அரசின் உடைமையாக மைசன் நடந்து வருகிறது. பழைய கோட்டை இன்று காட்சிச்சாலை.

மற்றொரு வழி

பெட்கர் காவலில் இருந்த அதே காலத்தில், சீனத்தில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் ஜிங்டெஜென் பகுதியில் தங்கியிருந்தார். தொழிலாளரோடு பழகியும், நேரிற் கண்டும், சீன நூல்களைக் கற்றும், பீங்கான் செய்யும் முறையை 1712 இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். 1722 இல் மற்றொரு கடிதமும் எழுதினார். அவை அச்சேறி, விரும்பியவர் எவரும் படிக்கக் கிடைத்தன.

அவ்வாறு படித்தறிந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பிளிமத் நகரத்து வில்லியம் குக்வர்தி. அவரும் மருந்துக்கடைக்காரரே. கார்ன்வால் பகுதியில் வெண்களிமண்ணைத் தேடிக் கண்டு, 1768 இல் வன்பீங்கானுக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டளவில் பிரான்சில் லிமோஜ் நகருக்கு அருகிலும் வெண்களிமண் கண்டறியப்பட்டது. செவ்ர் நகரத்துத் தொழிற்சாலைக்குத் தலைவராயிருந்த பிரோன்யார், மட்பாண்டக் கலை முழுவதையும் விளக்கும் பெருநூலை 1844 இல் வெளியிட்டார். எந்த வித்தையை ஒரு மன்னர் மதிலுக்குள் அடைத்தாரோ, அது நூற்று முப்பத்து நான்கு ஆண்டுகளில் மாணவர் கையிலிருக்கும் பாடநூலாயிற்று. அதனால் மைசன் கெட்டுப்போகவும் இல்லை.

நாம் கொள்ள வேண்டுவது

மன்னர் பணம் தராவிட்டால் இச்சோதனைகள் நடந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக்குப் பொருளுதவி இன்றியமையாதது. அகஸ்டஸ் அதனைச் செய்தார். ஆனால் உதவி வேறு, விலங்கு வேறு. பெட்கரைப் பூட்டிய ஏழாண்டுகளில் பொன் வரவில்லை; அறிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து கலந்து பேசிய சில ஆண்டுகளில் பீங்கான் வந்தது. இரகசியத்தைப் பூட்டிய பத்தாண்டுகளுக்குள் அது வெளியேறியது. திரும்பி வந்தவரையும் புதிதாக வந்தவரையும் ஏற்றுக்கொண்ட காலத்தில் தொழில் தழைத்தது.

விஞ்ஞான மாணவர்களாகிய நாம் இதிலிருந்து மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். முதலாவது, 1708 ஆம் ஆண்டுக் குறிப்பைப் போல, தேறாத சோதனையையும் விகிதத்தோடும் நாளோடும் எழுதி வைப்பது. நாம் தோற்ற வழியில் பின்வரும் மாணவர் ஓராண்டை வீணாக்காமல் இருக்க அந்த ஒரு வரி போதும். இரண்டாவது, எழுதியதைப் பெட்டிக்குள் வைக்காமல் கேட்பவருக்குக் கொடுப்பது. தேர்வுக்கு முந்திய வாரத்தில் குறிப்பேட்டை ஒளித்து வைக்கும் நண்பர் விடுதிதோறும் உண்டு. அவர் அகஸ்டஸின் சிறு வடிவமே. மூன்றாவது, வேலையில் பங்கு கொண்டவர் அனைவரின் பெயரையும் சொல்வது. சூளை மூட்டிய வில்டன்ஸ்டைன் தம் நினைவுகளைத் தாமே சொல்லிச் செல்லாதிருந்தால் அவர் பெயர் நமக்குக் கிடைத்திராது. அவரோடு நிலவறையில் வெந்த மற்றவர்களுள் பலருடைய பெயரைச் சொல்வார் இல்லை. நம் ஆய்வுக்கூடங்களிலும் உலை மூட்டுவோர், கருவி துடைப்போர், கண்ணாடிக் குழாய் ஊதித் தருவோர் இருக்கிறார்கள். அடுத்த முறை ஆய்வுரை எழுதி முடித்து நன்றி கூறும் பக்கத்துக்கு வரும்போது, அவர்களுடைய பெயரைக் கேட்டறிந்து, பிழையின்றி எழுதுவோமாக.